ஆயிரம் வெள்ளிக்குள் ஒரு கேமிங் பிசி: காஜாங்கும் லோயாட்டும்

மெல்பர்னிலிருந்து டிசம்பர் லீவுக்கு மலேசியா கிளம்பும் முன்பே, தன் பழைய கேமிங் பிசியை மேம்படுத்த வேண்டிய பொருள்களின் பட்டியலை அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். "மாமா, கிராபிக்ஸ் கார்டு அங்கேயே வாங்கிட்டு வந்துடுங்க, அங்க சேல் போடுவாங்கல்ல?" நான் வாங்கி வரவில்லை. மலேசியாவில் கணினிப் பொருள்களுக்கு வாரண்டி பார்ப்பது பெரும்பாலும் உள்ளூர் விநியோகஸ்தர்தான். பொருளின் மேல் அவர் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இருந்தால்தான் பேச்சே. வெளிநாட்டில் வாங்கிய கார்டு ஆறாம் மாதம் படுத்துவிட்டால், அதை யாராவது திரும்ப மெல்பர்னுக்குச் சுமக்க வேண்டும். அந்த யாராவது நான்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பொருளின் விலையில் இப்போது ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் இல்லை. கோலாலம்பூரில் இன்னும் மலிவாகக் கிடைப்பது கைவேலை. அதுவும் தெரிந்தவன் கையில் போய்ச் சேர்ந்தால், கையிலிருக்கும் பழைய பெட்டியே பாதி வேலை செய்துவிடும். இந்தப் பயணத்தில் நான் பார்த்தது அதைத்தான்.

பெட்டியின் ஜாதகம் இது. 2019-இல் வாங்கியது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு (எல்லாம் செருகும் தாய்ப்பலகை), 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, கேம் படத்தை வரைய 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, பேர் தெரியாத ஒரு பவர் சப்ளை. பையன் வலொரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும்போது ஒன்றும் பிரச்சினை இல்லை. கொஞ்சம் புதிய, பெரிய கேம் எதைப் போட்டாலும் படம் விட்டு விட்டு ஓடுகிறது. பட்ஜெட் ஆயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட். பாதி அவன் பகுதிநேர வேலையில் சேர்த்தது, மீதி மாமன் சீர்.

முதலில் கோலாலம்பூரின் கணினி அங்காடியான லோயாட் பிளாசாதான். அக்கா வீடு இருக்கும் காஜாங்கிலிருந்து எம்ஆர்டி ரயில் ஏறினால் மாறாமல் புக்கிட் பிந்தாங்கில் இறங்கலாம், அங்கிருந்து நடை தூரம். காரில் போய்ப் பார்க்கிங்குக்கு அழ வேண்டியதில்லை. என் வயதுக்காரர்களுக்குப் பழைய கணினி அங்காடியான இம்பி பிளாசா நினைவிருக்கும். 1999-இல் லோயாட் திறந்த பிறகு கணினிக் கூட்டமெல்லாம் மெல்ல இங்கே வந்துவிட்டது. அப்போதெல்லாம் கடைக்குக் கடை விலைப்பட்டியல் தாளை வாங்கிக்கொண்டு, மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீயோடு உட்கார்ந்து பேனாவால் வட்டம் போடுவோம். இப்போது ஷாப்பி ஆன்லைன் சந்தையில் விலை பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் படியேறுகிறார்கள். கடைக்காரருக்கும் அது தெரியும். கீழே கைப்பேசிக் கடைகளிலிருந்து "பாஸ், பாஸ்" என்று கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. நேரே மேல்மாடிக்குப் போய்விடுவது நல்லது.

ஒரு கடையில் பெட்டியின் விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் விற்பனைப் பையன் தலையை ஆட்டிவிட்டான். பழசாம். போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றி ஏஎம்5-க்கு, அதாவது பிராசசர் உட்காரும் புதிய வகை சாக்கெட்டுக்குப் போய்விட வேண்டுமாம். பேக்கேஜ் விலை 2,800 வெள்ளி, அதுவும் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல். பையன் என்ன கேம் ஆடுகிறான், எங்கே தடங்குகிறது என்று அவன் கேட்கவே இல்லை. பவர் சப்ளையை மட்டும் தனியாகக் கேட்டேன். பேக்கேஜில்தான் அந்த விலை, தனியாக என்றால் வேறு விலை என்றான். சரி, நன்றி என்று வந்துவிட்டோம். அங்கே எல்லாக் கடையும் இப்படி இல்லை. எதிர்ப்பக்கத்துக் கடையில் ஒரு சீனப் பெரியவர், "ஆனே, போர்டு பி450தானே? மாத்தாதே, அதிலேயே இன்னும் ஏத்தலாம்" என்று மலாயில் சொல்லி அனுப்பினார். ஒரு காசு வியாபாரம் நடக்காது என்று தெரிந்தே சொன்னார்.

அவர் சொன்னது முழு உண்மை. இந்த போர்டில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது. 2018-இல் வெளியான இந்த 2600 பிராசசரைக் கழற்றிவிட்டு, பயாஸை (போர்டிலேயே இருந்து பெட்டியை எழுப்பும் மென்பொருள்) மட்டும் புதுப்பித்து, அதே போர்டில் ரைசன் 5000 வரிசையை உட்கார வைக்கலாம். 2022-இல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் மட்டுமே பொருந்தும், இவனிடம் இருப்பதோ டிடிஆர்4. இந்த நேரத்தில் ரேம் வாங்குவதா? ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி ஏராளமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான் என்ற மெமரி நிறுவனம், பொதுமக்களுக்கு ரேம் விற்கும் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. லோயாட்டில் நான் விசாரித்த கடைகளில் ரேம் விலையை ஸ்டிக்கரில் எழுதுவதைக்கூட விட்டுவிட்டார்கள், கேட்டால் அன்றைய விலையைச் சொல்கிறார்கள். அதனால் இப்போதைக்கு நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: டிடிஆர்4 ஓடுகிற போர்டு வீட்டில் இருந்தால் அதைவிட்டு இறங்காதீர்கள்.

காசு கொடுப்பது பற்றி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல். ஒட்டியிருப்பது பெரும்பாலும் கேஷ் விலை. கிரெடிட் கார்டை நீட்டினால் கொஞ்சம் ஏறும். ஊர் வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருப்பவர்கள் டூயிட்நவ் என்ற மலேசிய கியூஆர் கட்டண முறையில் தட்டிவிட்டுப் போகலாம். இல்லாதவர்கள் ரொக்கம் எடுத்துக்கொண்டு போங்கள்.

உண்மையான வேலை காஜாங்கில்தான் நடந்தது. அக்கா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடைவரிசையின் மேல்மாடியில், நம் பையன் ஒருவர் லேப்டாப், பிசி பழுது பார்க்கிறார். கீழே ரோட்டி சானாய் போடும் சத்தம், மேலே திறந்து கிடக்கும் பெட்டிகள். விலை கேட்கப் போன எங்களிடம், "விலை அப்புறம் பேசலாம் அண்ணே, முதல்ல பெட்டியைத் தூக்கிட்டு வாங்க" என்றார். தூக்கிக்கொண்டு போனோம். தம்பியை, அதாவது அக்கா மகனைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த கேம்ல தடங்குது? அதைப் போடு."

கேம் ஓடும்போதே ஓர் ஓரத்தில் எண்களை ஓடவிட்டுக் காட்டினார். கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது, அதன் 4 ஜிபி மெமரியும் நிரம்பி வழிந்தது. பிராசசருக்கு இன்னும் மூச்சு இருந்தது. வலொரண்டில் இது தலைகீழ். அங்கே கார்டு சும்மா இருக்கிறது, பிராசசர்தான் எல்லை. ஆனால் அதில் ஏற்கெனவே மானிட்டர் காட்டக்கூடியதைவிட விநாடிக்கு அதிக ஃபிரேம் (படம்) வருகிறதே, அதை ஏன் தொட வேண்டும்? ஆகவே கார்டு முதல், ரேம் அடுத்தது, பிராசசர் பின்னால். இந்தக் கால்மணி நேர வேலைக்கு அவர் ஒன்றும் வாங்கவில்லை. லோயாட்டில் கேட்ட 2,800 வெள்ளி பேக்கேஜ் அந்த பெரிய கேமில் ஏறக்குறைய ஒன்றுமே செய்திருக்காது என்பது அந்தக் கால்மணி நேரத்தில் தெரிந்துபோனது.

ரேமில் இன்னொரு கூத்து. குச்சியில் வேகம் 3200 என்று அச்சடித்திருக்கிறது, ஆனால் ஓடுவதோ 2400-இல். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ஒரு வரியை ஆன் செய்தால்தான் அது தன் வேகத்துக்கு வரும். ஆறு வருடமாக யாரும் செய்யவில்லை, அன்று விற்ற கடையும் செய்யவில்லை. ரைசனில் உள்ளிணைப்புகளின் வேகமே ரேம் வேகத்தோடு கட்டியது என்பதால் இந்த விடுபடல் மற்ற பிராசசர்களைவிட அதிகமாகவே உறைக்கும். அதோடு ஒரே குச்சி என்றால் மெமரி ஒற்றை வழியில் ஓடுகிறது. இன்னொரு 8 ஜிபி போட்டால் அளவும் கூடும், வழியும் இரண்டாகும். அதே கம்பெனிக் குச்சி செகண்ட் ஹேண்டில் அவரிடமே இருந்தது, 100 வெள்ளி. வழக்கமான நாளில் அந்தக் காசுக்குப் புதிதே கிடைத்திருக்கும். அன்றைய நிலவரத்துக்கு அது நியாயம். இரண்டையும் 2933-இல் நிறுத்தி வைத்தார், 2600 பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் உச்ச அளவு அதுதான்.

அவர் பிடிவாதம் பிடித்தது ஒரே இடத்தில்: பவர் சப்ளை. பெட்டியில் பெரிதாக 500 வாட் என்று எழுதியிருந்தது. சிறிய எழுத்தைப் படிக்கச் சொன்னார். 12 வோல்ட் கோட்டில் 25 ஆம்பியர், அதாவது 300 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்தக் கோட்டில்தான். நாங்கள் யோசித்து வைத்திருந்த ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், பிராசசருக்கு 65. "கணக்குல ஓடும் அண்ணே. ஆனா இதை நம்பி ஐந்நூறு வெள்ளிக் கார்டை நான் மாட்ட மாட்டேன்." கிள்ளான் பள்ளத்தாக்கில் சாயங்கால இடிமழை எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒவ்வொரு பெரிய இடிக்கும் பிறகு இரண்டு மூன்று செத்த பெட்டிகள் மாடியேறி வருமாம். புதிய 550 வாட் பவர் சப்ளை, 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்றோடு, 190 வெள்ளி. எந்த ஃபிரேமும் கூட்டாத இந்த 190 வெள்ளிதான் மொத்தச் செலவில் உருப்படியானது என்பேன். தம்பிக்கு இதில் உடன்பாடில்லை.

கார்டு செகண்ட் ஹேண்டில்தான் வாங்க முடியும். ஆர்எக்ஸ் 6600 2021-இல் வந்தது, 8 ஜிபி, ஒரே ஒரு 8 பின் வயர் போதும். பி450 போர்டில் கார்டு செருகும் இணைப்பு பிசிஐஇ 3.0 என்ற பழைய வேகத்தில் ஓடும், அதனால் கொஞ்சம் இழப்பு உண்டு, ஆனால் ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. மூடா, கரோசல் என்ற செகண்ட் ஹேண்ட் விளம்பரத் தளங்களில் தேடினோம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையை (கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி நாணயம் ஈட்டுவது) விட்டதிலிருந்து வேலை பார்த்துக் களைத்த கார்டுகள் சந்தையில் நிறைய. மைனிங்கில் இருந்தது என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை, ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பலர் எல்ஆர்டி ஸ்டேஷனில் சந்தித்துக் கைமாற்றுகிறார்கள். அங்கே எதை ஓட்டிப் பார்ப்பது? பழுது பார்ப்பவர் ஒரு வழி சொன்னார்: விற்பவரை இங்கேயே வரச் சொல்லுங்கள், நான் மாட்டிச் சோதித்துத் தருகிறேன், 20 வெள்ளி. ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, மெசேஜுக்கும் பதில் இல்லை. அதுவே ஒரு பதில்தான். பக்கத்து ஊர் பாங்கியிலிருந்து வந்த ஒரு மலாய் மாணவர் பெட்டி, ரசீது எல்லாவற்றோடும் வந்து, கார்டை முழு வேகத்தில் வாட்டிப் பார்க்கும் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் கால்மணி நேரம் ஓடும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சூடு எல்லைக்குள், இரண்டு ஃபேனும் சத்தமில்லாமல், படத்தில் கோடு இல்லை. 520 வெள்ளிக்கு முடிந்தது.

பழைய ஹீட்சிங்கைக் கழற்றியபோது காய்ந்து போன பேஸ்ட்டைத் துடைத்தார், கீழே பிராசசர் மூடியில் "மேட் இன் மலேசியா". தம்பி கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் முதன்முதலாக வந்திறங்கிய ஆலைகளில் ஏஎம்டியும் இன்டெலும் உண்டு. எங்கள் சித்தி ஒருவர் அந்த வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்றில் ஷிப்ட் பார்த்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இந்தத் தலைமுறைக்கு அதெல்லாம் கதை.

விண்டோஸ் வேலை நான் எதிர்பார்த்ததைவிட இழுத்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவை நிறுத்திவிட்டதால் 11-க்குப் போயாக வேண்டும். 2600 பிராசசருக்கு அனுமதி உண்டு. ஆனால் விண்டோஸ் 11-இல் வலொரண்ட் திறக்க வேண்டுமானால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இவன் டிஸ்க்கோ, அதைப் பகுதி பிரித்துப் பதியும் பழைய முறையான எம்பிஆரில் இருந்தது. அதைப் புதிய முறையான ஜிபிடி-க்கு மாற்றாமல் செக்யூர் பூட்டை ஆன் செய்தால் பெட்டி விழிக்காது. முதலில் பள்ளி, கல்லூரிக் கோப்புகளை எல்லாம் வேறு டிரைவில் எடுத்து வைத்து, டிஸ்க்கை ஜிபிடி-க்கு மாற்றி, பயாஸைப் புதுப்பித்து, பிறகுதான் மற்றதெல்லாம். பயாஸ் ஏற்றும்போது மின்சாரம் போனால் போர்டு போச்சு என்பதால் அதை யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்தார். வீட்டில் வீடியோ பார்த்துச் செய்யலாம்தான். ஆனால் இந்த வரிசை தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவர் செய்வது வேறு. தூசி தட்டி, பேஸ்ட் போட்டு, பவர் சப்ளை மாற்றி, விண்டோஸ் முடித்து, கூலி மொத்தம் 80 வெள்ளி. மெல்பர்னில் இதைக் கடையில் கொடுத்தால் கூலியைக் கேட்டுவிட்டுப் பெட்டியையே திரும்பத் தூக்கிவந்துவிடுவோம்.

கூட்டினால் 910 வெள்ளி. பிராசசரைத் தொடவில்லை. பயாஸ் ஏறியிருப்பதால், நோன்புப் பெருநாள் போனஸ் வந்ததும் ரைசன் 5 5600 வாங்கி மாட்டினால் போதும்.

ரசீது வாங்க மறக்காதீர்கள். கடை சிறியது என்று கூச்சப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றாலும் கடை முத்திரையோடு ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். கடையோடு தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்கறிஞர் இல்லாமலே கோரிக்கை வைக்கலாம், 50,000 வெள்ளி வரை. தனியாளிடம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார்டுக்கு அந்த வழி கிடையாது. அதனால்தான் அந்த 20 வெள்ளிச் சோதனை.

பழைய 1650 கார்டுக்குத் தனி பவர் வயர் தேவையில்லை என்பதால் பழைய ஆபீஸ் பிசி வைத்திருப்பவர்கள் தேடுவார்கள். கடையில் 180 தருவதாகச் சொன்னார்கள். தம்பி தானே விளம்பரம் போட்டு 250-க்கு விற்றுவிட்டான். அந்தக் காசில் மின்சாரம் திடீரென எகிறினால் பெட்டியைக் காக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்கச் சொன்னேன். வாங்கினான். மீதியில் கலர் கலராக விளக்கெரியும் ஃபேன் மூன்று.