இரண்டு நெடுஞ்செழியன்கள்

நெடுஞ்செழியன் என்ற பெயரில் பாண்டிய மன்னர் இருவர் உண்டு. மதுரையில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள்கூட இவ்விருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள். கோவலனைக் கொல்லச் சொன்னவனும் தலையாலங்கானத்துப் போரில் வென்றவனும் ஒருவனே என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பெயர் ஒன்றுதான், அடைமொழிதான் ஆளைப் பிரிக்கிறது.

ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் சிலப்பதிகாரத்தில் வருகிறவன். தன் தீர்ப்பு தவறென்று கண்ணகியின் சிலம்பு காட்டியதும் அரியணையிலேயே உயிர்விட்டான். புறநானூற்றின் 183ஆம் பாட்டு அவனுடையது. ஒரு குடும்பத்தில் மூத்தவனை அழைக்காமல் அறிவுடையவனையே அரசு அழைக்கும் என்கிறான். கீழ்ப்பிறந்தவன் கற்றால் மேலோனும் அவனிடம் வருவான் என்கிறான். அரசனே இதைச் சொன்னது எனக்கு இன்றும் வியப்பு.

மற்றவன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், இளம் வயதிலேயே பட்டமேறியவன். குழந்தைகள் அணியும் ஐம்படைத்தாலியைக் கழற்றாத, பால் மறந்து அன்றுதான் சோறுண்ட பிள்ளை என்று இடைக்குன்றூர்கிழார் பாடுகிறார் (புறம் 77). அந்தப் பிள்ளைதான் சேரன், சோழன், வேளிர் எனப்பட்ட குறுநில மன்னர் ஐவர் என எழுவரை வென்றான். போருக்கு முன் அவன் உரைத்த வஞ்சினம், அதாவது சூளுரை, புறம் 72: தோற்றால் குடிகள் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும். அதே மருதனார்தான் 782 அடியில் அவன்மேல் மதுரைக்காஞ்சி என்ற நெடும்பாட்டைப் பாடினார்.

மேலூர்ப் பக்கம் மாங்குளம் குகையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. அங்கே அடைமொழி இல்லை. இருவரில் என் மனம் விரும்புவது முன்னவனை. போர் வென்றவர் பலர். தன் பிழைக்கு உயிர் கொடுத்த அரசன் அரிது.