ஒரு நேரத்தில் ஒரு குழந்தை: வீட்டு டிராம்போலினுடன் மூன்று வருடம்

எங்கள் வீட்டுக்கு எட்டடி டிராம்போலின் வந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. ஸ்பிரிங்குகளில் இழுத்து மாட்டிய பாய் மேல் பிள்ளைகள் குதிப்பார்கள், சுற்றிலும் வலை இருக்கும், அதுதான் டிராம்போலின். திருவான்மியூரில் கீழ்த்தளத்து வாடகை வீடு. பக்கவாட்டில் மண் தரையாகக் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது, அங்கேதான் போட்டிருக்கிறோம். வாங்கும்போது மகளுக்கு ஏழு வயது முடிந்திருந்தது. விலை 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கடற்கரை நடந்துபோகும் தூரம்தான். அதனால் உப்புக்காற்று, வெயில், பருவமழை மூன்றும் இதைப் பதம் பார்த்துவிட்டன. அதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் யார் வந்து விசாரித்தாலும் நான் முதலில் கேட்பது வேறு: ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான் குதிக்கும் என்பதை உங்கள் வீட்டில் நடத்திக் காட்ட முடியுமா? முடியும் என்றால் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். முடியாது என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

வலை இருக்கிறதே, விழமாட்டார்களே என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வலை தடுப்பது வெளியே விழுவதை மட்டும்தான். அடிபடுவதில் பெரும்பங்கு உள்ளேயே நடக்கிறது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியது. டிராம்போலின் காயங்களில் சுமார் முக்கால் பங்கு, ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போது நடந்தவை. சேர்ந்து குதிப்பவர்களில் எடை குறைந்த சின்னக் குழந்தைக்கு, கூடக் குதிக்கும் எடை கூடியவரைவிட 14 மடங்கு வரை அதிகமாக அடிபட வாய்ப்பு. பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே நடந்த காயங்களும் கணிசம். வீட்டில் டிராம்போலின் வைத்துக்கொள்வதையே அந்த அமைப்பு ஊக்குவிப்பதில்லை. வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் சின்னக் குழந்தைக்கு அடிபடுகிறது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ரப்பர் பந்தை வைத்துக் காட்டினேன். பாயின் ஓரமாகப் பந்தை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெரிய பையனை நடுவில் ஒரே ஒரு முறை நன்றாகக் குதிக்கச் சொன்னேன். அவன் இறங்கியதும் பாய் பள்ளமாகி, பந்து அவன் காலடிக்கு உருண்டு, பாய் திரும்பி எழும்பியபோது வலையின் மேல்விளிம்பு வரை பறந்தது. பந்து தானாகக் குதிக்கவில்லை. அவன் எடை ஸ்பிரிங்குகளை இழுத்து வைத்த விசைதான் பந்தைத் தூக்கி எறிந்தது. பந்து இருந்த இடத்தில் நான்கு வயதுக் குழந்தை நிற்பதாக நினைத்துப் பாருங்கள். இன்னும் மோசம், அந்தக் குழந்தை மேலிருந்து இறங்குகிற நொடியில் பாய் மேலே வந்தால் என்ன ஆகும்? கீழே வரும் காலும் மேலே வரும் பாயும் மோதுகின்றன. அந்த அதிர்ச்சியை வாங்குவது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் எலும்பின் மேல்முனை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வரும் முறிவுக்கு டிராம்போலின் முறிவு என்றே மருத்துவத்தில் பெயர் உண்டு. வெளியே விழ வேண்டியதில்லை, யார் மேலும் மோத வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே எலும்பு முறியலாம். வெளியே பெரிதாக எதுவும் தெரியாமலும் இருக்கலாம். குதித்த பிறகு குழந்தை காலை ஊன்ற மாட்டேன் என்றால், தைலம் தேய்த்துப் பார்க்காமல் நேரே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அந்தப் பந்து பறந்ததைப் பார்த்த பிறகு பிள்ளைகளிடம் நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர்களிடம்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

சேர்ந்து விளையாடு, தம்பியையும் சேர்த்துக்கொள் என்றுதான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். விருந்தாளி வீட்டுக் குழந்தை ஓரமாக நின்றால் நமக்கு மனசு கேட்காது. பொங்கல் விடுமுறைக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றாக ஏறப் பார்ப்பார்கள். "பாவம், அவனையும் கொஞ்சம் ஏத்திவிடேன், கையைப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்வது அந்தக் குழந்தையின் சொந்த அம்மாவாகவே இருக்கும். அவரிடம் மாட்டேன் என்பது எளிதில்லை. விளம்பரப் படங்களும் உதவுவதில்லை. நாலு பிள்ளைகள் கைகோத்துக் குதிக்கிற படத்தைப் பெட்டியிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் 150 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். அது இரும்புச் சட்டம் தாங்கும் கணக்கு. எத்தனை குழந்தை ஏறலாம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தலா 30 கிலோ என்று வகுத்து ஐந்து பேரை ஏற்றிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டு டிராம்போலினுக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 71-14, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், மோதும் அபாயம் உண்டு என்ற எச்சரிக்கையை அதன் மேலேயே போடச் சொல்கிறது. நீங்கள் வாங்கும் பொருளில் அந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் இந்த விதி நிலைத்ததற்குக் காரணம் என் அம்மா. ஏணி அவர் பொறுப்பு. மாலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால்தான் ஏணி வெளியே வரும், அவர் எழுந்து உள்ளே போனால் ஏணியும் கூடவே போகும். ஏணி இல்லாமல் சின்னது எதுவும் எளிதில் ஏற முடியாது. அப்புறம் எண்ணுகிற வேலை. உள்ளே குதிக்கிறவருக்கு நூறு எண்ணிக்கை, அதை வெளியே நிற்பவர்கள் சத்தமாக எண்ண வேண்டும். என் அக்கா மகனுக்கு அப்போது நான்கு வயது. ஆறு வயதுக்குக் கீழே யாரும் ஏறக்கூடாது என்று வைத்திருந்ததால் அவனுக்கு விசிலைக் கொடுத்து நூறாவதில் ஊதச் சொன்னோம். முதல் இரண்டு நாள் அழுதான். பிறகு, நூறானதும் இறங்காத அக்காமாரை அவன் விரட்டுகிற விரட்டில் எங்களுக்கே வேலை இல்லாமல் போய்விட்டது. எண்ணும்போது எண்பதுக்குப் பிறகு எண்ணத் தெரியாமல் மறுபடி எழுபதுக்குத் திரும்புவான், அதில் எல்லோருக்கும் கூடுதலாகக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். காத்திருப்பது பிள்ளைகளுக்குத் தண்டனையாக இல்லை. நூறு குதி குதித்தவர் மூச்சு வாங்கி இறங்குவதற்கும் அதுவே சரியான நேரம். களைத்த காலோடு குதிக்கும்போதுதான் கணுக்கால் பிசகும்.

குதிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் நிற்கக் கற்றுக்கொடுங்கள். பாயில் இறங்கும் நொடியில் முழங்காலை மடக்கினால் துள்ளல் அப்படியே அடங்கிவிடும். மகள் அதைப் பழகும் வரை ஒரு அடிக்கு மேல் உயரமாகக் குதிக்கவே விடவில்லை. பாயின் நடுவில் வெள்ளை நாடாவால் ஒரு பெருக்கல் குறி தைத்தோம், அதைவிட்டு விலகினால் நின்றுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். குட்டிக்கரணம் கிடையவே கிடையாது. கழுத்தெலும்பு போனால் வாழ்நாள் முழுக்கப் போனதுதான். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸிலிருந்து டிராம்போலின் ஒரு போட்டியாக இருக்கிறது, வீடியோக்களில் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். அந்த வீரர்கள் பல வருடம் பயிற்சியாளரோடு பழகியவர்கள், சுற்றிலும் மெத்தையும் ஆட்களும் இருப்பார்கள் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று சில விஷயங்கள் உண்டு, கையேட்டில் இருக்காது. கொலுசு வலையில் மாட்டும். கழுத்துச் சங்கிலி, நீளமான தோடு, துப்பட்டா, பாவாடை, தலையில் குத்திய ஊசி எதுவும் வேண்டாம். எண்ணெய் தேய்த்த காலோடு ஏறினால் வழுக்கும், சாக்ஸும் அப்படித்தான். வாயில் முறுக்கோ மிட்டாயோ இருக்கக் கூடாது. கறுப்புப் பாய் வெயிலில் காய்ந்து பாதத்தைச் சுடும், அதனால் காலை பத்து மணிக்குப் பிறகு நாலரை வரை எங்கள் வீட்டில் தடை.

எங்கே போடுவது என்று கேட்பவர்களில் பாதிப் பேர் மனதில் மொட்டை மாடிதான் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கைப்பிடிச் சுவர் மூன்றடி இருக்கும். டிராம்போலின் பாயே தரையிலிருந்து இரண்டடி உயரம், அதன் மேல் குழந்தை எகிறும் உயரம் வேறு. அந்தச் சுவர் அங்கே இருந்தும் இல்லாத மாதிரிதான். வெயிலில் இற்றுப்போன ஒரு வலையை நம்பி இதைச் செய்யக் கூடாது. ஹாலில் போடுகிற சின்ன டிராம்போலினுக்கு மேலே மின்விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். குதிக்கிற குழந்தை உற்சாகத்தில் கையைத்தான் முதலில் தூக்கும்.

வெளியே போடுவதானால் சமதளமான மண் தரை நல்லது. சுற்றி ஐந்தாறு அடிக்குச் சுவர், படி, தொட்டி, செடித்தொட்டி எதுவும் கூடாது. துணி காயப்போடும் கொடியைக் கட்டாயம் மாற்றிக் கட்டுங்கள். எங்களுடையது சரியாகக் குதிக்கிற குழந்தையின் கழுத்து உயரத்தில் இருந்தது, பொருளைப் பொருத்துவதற்கு முன்பே கழற்றினோம். தென்னை மரத்தடி ஆகாது. தேங்காய் விழாவிட்டாலும் மட்டை விழும், விழுந்த மட்டை பாயைக் கிழிக்கும்.

இனி பொருள் எப்படித் தாக்குப்பிடித்தது என்பது. முதலில் போனது ஸ்பிரிங்குகளை மூடுகிற பஞ்சு உறை. ஒரே வருடத்தில் மேல்தாள் வெடித்து, உள்ளிருந்த பஞ்சு மழைநீரைக் குடித்து நாற ஆரம்பித்தது. அதைக் கட்டக் கொடுத்திருந்த கயிறுகள் அதற்கும் முன்பே அறுந்தன. ஒருநாள் உறை விலகி, மகளின் கால் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே போய்க் கெண்டைக்காலில் நீளமாகக் கன்றிவிட்டது. விற்றவர்களிடம் கேட்டதற்கு உறைக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். புது உறை வாங்கி, தையற்கடையில் தடித்த பருத்தி நாடா தைத்து, பன்னிரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டோம். அதன் பிறகு நகரவில்லை. நீங்கள் வாங்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது வலை. வலை கிழிந்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும். எங்களுக்கு இரண்டாம் வருடக் கோடை முடிவில் பொடி உதிர்ந்தது. மாற்றினோம். கழற்றிய பழைய வலையைக் கையால் இழுத்தபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது. வலையின் ஜிப் உப்புக்காற்றில் இறுகிக்கொள்ளும், மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் சரியாகிவிடும். ஜிப்பைப் போடாமல் யாரும் குதிக்கக் கூடாது.

பாய் இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதில் பார்க்க வேண்டியது நடுப்பகுதியை அல்ல, ஓரத்தில் ஸ்பிரிங் கொக்கி மாட்டுகிற வளையங்களைப் பிடித்திருக்கும் தையலை. நூல்தான் முதலில் விடும். ஸ்பிரிங்குகளில், யாரும் ஏறாதபோதே மற்றவற்றைவிட இடைவெளி விட்டுத் தெரிவது களைத்துப்போனது, அதை மாற்றிவிட வேண்டும். கால் குழாய்களின் அடி வளைவில் தண்ணீர் தங்கும். துரு அங்கேயும் வெல்டிங் இணைப்பிலும்தான் தொடங்குகிறது. வருடா வருடம் மழைக்கு முன் உப்புத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, மேலே எனாமல் பெயின்ட் அடிக்கிறோம். பெயின்ட் குமிழியிட்ட இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் சட்டத்தின் கதை முடிந்தது.

புயல் எச்சரிக்கை வந்தால் வலையைக் கழற்றிவிடுகிறோம். வலை காற்றைப் பிடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வலை, உறை, பாய் மூன்றையும் உள்ளே எடுத்துவிட்டு, சட்டத்தை நைலான் கயிற்றால் கேட்டுத் தூணோடு கட்டினோம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் சட்டம் வைத்த இடத்திலேயே இருந்தது, கால்கள் மட்டும் சேற்றில் சாய்வாக இறங்கியிருந்தன. தூக்கி நிறுத்தி, சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே பாயை மாட்டினோம்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குப் பலன் உண்டா என்றால், எங்களுக்கு உண்டு. மாலையில் ஃபோனைக் கேட்காத ஒரு மணி நேரம் கிடைத்தது. மகள் இரவு படுத்ததும் தூங்குகிறாள். தெருப் பிள்ளைகள் வருகிறார்கள், வாசலில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. ஆனால் இதில் பெரும்பங்கு, தினமும் மாலை ஒரு மணி நேரம் வேறு வேலை இல்லாமல் உட்கார ஒரு பெரியவர் வீட்டில் இருப்பதால் வந்தது. அம்மா ஊருக்குப் போன வாரங்களில் ஏணி பீரோவுக்குப் பின்னால்தான் இருந்தது. இருவரும் வேலைக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்புகிற வீடு, ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீடு, மாடி வீடு ஆகியவற்றுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பழையதாக வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சட்டத்தை மட்டும் வாங்கலாம், அதுவும் வெல்டிங் இணைப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு. வலை, உறை, பாய் மூன்றும் புதிதாகப் போட வேண்டும். அதே அளவில் அவை கிடைக்கின்றனவா, என்ன விலை என்று விசாரித்த பிறகு முன்பணம் கொடுங்கள். வலையைத் தாங்கும் தூண்களின் எண்ணிக்கையும் ஸ்பிரிங்குகளின் எண்ணிக்கையும் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடும், எட்டடி என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது.