ஒன்றரை மணி நேரப் பயணம்: ஆங்கிலத்தில் எந்த வடிவம் நல்லது?

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. விடுதி என்றால் வெப்சைட் உண்டு. அதில் பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளை கலந்த சுண்ணாம்புப் பூச்சு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அழகாக எழுதிவிடுகிறார்கள். "மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்" என்ற வரி வந்ததும் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள்.

போட்டியில் இருக்கும் வடிவங்கள் இவை: "ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்’ டிரைவ்", "அன் அவர் அண்ட் எ ஹாஃப்’ஸ் டிரைவ்", "எ ஒன்-அண்ட்-எ-ஹாஃப்-அவர் டிரைவ்", "எ டிரைவ் ஆஃப் ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்". நான்கும் இலக்கணப்படி சரிதான். நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவதோ இந்த நான்கிலும் சேராத ஒன்று. முன்னால் 'எ' இருக்காது, நடுவே ஹைஃபன் இருக்காது, கடைசியில் 'ஸ்' இருக்காது: "ஒன் அண்ட் எ ஹாஃப் அவர் டிரைவ்". காரணம் நம் மொழிப் பழக்கம். தமிழில் 'நேரம்' என்பதன் 'ம்' போனால் 'நேரப் பயணம்' தயார். இரண்டு மணி நேரம் என்றாலும் பன்மை கேட்காது. ஒன்றரை ஒரே சொல். ஆங்கிலத்தில் அந்த ஒன்றரையே மூன்று நான்கு துண்டு. ஒன்றைத் தாண்டியதும் பன்மையும் வந்துவிடும். உடைமைக் குறியை, அதாவது ’ என்ற அந்த மேல் கமாவை, எந்தத் துண்டின் தலையில் வைப்பது என்பதுதான் சிக்கல்.

விதி என்னவோ சின்னதுதான். ஆங்கிலத்தில் உடைமையின் 'ஸ்' தனிச்சொல்லோடு ஒட்டுவதில்லை. முழுத் தொடரின் வாலில் ஒட்டும். "ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்" என்ற தொடர் பன்மையில் முடிகிறது, ஆகவே குறி மட்டும் பின்னால் போதும். "அன் அவர் அண்ட் எ ஹாஃப்" என்பது 'ஹாஃப்'பில் முடிகிறது, ஆகவே "ஹாஃப்’ஸ்". பாதிக்கு என்ன உடைமை என்று யோசிக்க வேண்டாம், அது வெறும் கடைசி இடம். பேச்சில் இந்த இரண்டாவது வடிவம் இயல்பாக வரும். விளம்பரப் பலகையில் எழுதினால் படிப்பவர் கண் அங்கேயே நின்றுவிடும். அதனால் என் ஓட்டு அதற்கு இல்லை. ஹைஃபன் வடிவம் சுருக்கமானது, ஆனால் ஒன்றரைக்கு நாலு ஹைஃபன் போட்டால் எறும்பு வரிசை மாதிரி ஆகிவிடுகிறது. 'ஆஃப்' போட்டதில் தாலுகா ஆபீஸ் மனு வாடை.

விடுதி நடத்தும் ஆச்சி ஒருவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். "பேசும்போது அந்த மேல் கமா காதுல விழவா போகுது தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. 'அவர்ஸ்' என்பதும் 'அவர்ஸ்’' என்பதும் காதுக்கு ஒன்றுதான். ஆனால் எண்ணை ஒன்றாக்கிப் பாருங்கள்: "ஒன் அவர்’ஸ் டிரைவ்". 'ஸ்' அப்படியே கேட்கிறது. ஒன்றுக்குப் பன்மை கிடையாதே, அப்படியானால் அது உடைமையின் 'ஸ்'தான். எண் ஒன்றைத் தாண்டினாலும் அந்த உடைமைக் குறி வேண்டும். "எய்ட் மந்த்ஸ் பிரெக்னன்ட்" என்பதை இப்படிச் சோதித்தால் "ஒன் மந்த் பிரெக்னன்ட்", 'ஸ்' காணோம். ஆகவே அங்கே குறியும் வேண்டாம். "டூ அவர்ஸ் லேட்" கதையும் அதுதான். பின்னால் பெயர்ச்சொல் வந்தால்தான் இந்தக் குறிக்கு வேலை.

சரி, பலகையில் எதைப் போடுவது? அலகை மாற்றிவிடுங்கள். "எ 90-மினிட் டிரைவ்" என்று எழுதினால் பாதியும் இல்லை, வாலும் இல்லை, ஒரே ஒரு ஹைஃபன். ஒன்றரை வருடத்தை "18 மந்த்ஸ்’" ஆக்குவதும் இதே தந்திரம். கொஞ்சம் ஏமாற்று வேலைதான், ஆனால் நான்கு வடிவங்களையும் இது தோற்கடிக்கிறது.

பயோடேட்டா எழுதும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஹைஃபன் ஆபத்து. "டூ இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ்" என்றால் இரண்டு வருட வேலை அனுபவம். "எ டூ-இயர் எக்ஸ்பீரியன்ஸ்" என்றால் இரண்டு வருடம் நீண்ட ஏதோ ஒரு சம்பவம். என்ன பாடுபட்டானோ என்று கேட்கத் தோன்றும். டிரைவ், கோர்ஸ், ஹாலிடே போல எண்ணக்கூடியவற்றுக்கு ஹைஃபன் பொருந்தும். அனுபவம், வேலை, ஓய்வு போல எண்ண முடியாதவற்றுக்கு உடைமைக் குறிதான். குறி வைக்கப் பயமாக இருந்தால் "டூ அண்ட் எ ஹாஃப் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்" என்று எழுதலாம், யாரும் குறை சொல்ல முடியாது. அதைத் திருப்பிப் போட்டு "எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் டூ அண்ட் எ ஹாஃப் இயர்ஸ்" என்றால் பிழையில்லை, விறைப்பாக இருக்கும்.

இரண்டு அலகு சேர்ந்தால் குறி கடைசியில் மட்டும்: "டூ இயர்ஸ் அண்ட் த்ரீ மந்த்ஸ்’ சர்வீஸ்". இரண்டிலும் வைத்தால் தனித்தனியான இரண்டு பணிக்காலம் போலத் தொனிக்கும். சர்வீஸ் சர்டிபிகேட்டில் அது வம்பு. இங்கே மட்டும் 'ஆஃப்' வடிவத்தின் அலுவலக வாடையே அதற்குப் பலம். "ஒரு ரெண்டு நாள் ஓய்வு" என்பதற்கு "எ டே ஆர் டூ’ஸ் ரெஸ்ட்", "ஒன் ஆர் டூ டேஸ்’ ரெஸ்ட்" இரண்டும் உண்டு. முதலாவதுதான் பேச்சுக்கு நெருக்கம்.

நாள் பெயர்களில் வேறு மாதிரி. "டுமாரோ மார்னிங்’ஸ் பல்லவன்" என்றால் நாளைக் காலை காரைக்குடியிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் ரயில் வண்டி, குழப்பமில்லை. "தி டே ஆஃப்டர் டுமாரோ’ஸ் பல்லவன்" என்றால் நாளை மறுநாள் வண்டியா, நாளைய வண்டிக்கு அடுத்த நாளா? எழுத்தில் கிழமையைச் சொல்லிவிடுவதே மேல். அப்புறம், குறி இருப்பதும் இல்லாததும் பொருளையே மாற்றும் இடமும் உண்டு. நாட்டரசன்கோட்டையில் நகரத்தார் வைக்கும் செவ்வாய்ப் பொங்கலை "டியூஸ்டே பொங்கல்" என்றால் அது விழாவின் பெயர், எந்த வருடத்துக்கும் பொருந்தும். "டியூஸ்டே’ஸ் பொங்கல்" என்றால் இந்தச் செவ்வாய்க்கிழமை வைக்கப்போகிற பொங்கல். அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்தில் முதலாவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.