பழ வில்லைக்குப் பின்னொளி: எல்.இ.டி. பலகையா, ஃபிளாஷா, ஜன்னல் வெளிச்சமா?

ஆரஞ்சு, எலுமிச்சை, கிவி போன்ற பழங்களை மெல்லிய வில்லைகளாக நறுக்கி மிக நெருக்கத்தில் படமெடுக்கும்போது, வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்தால் ஈரமான மேற்பரப்பின் பளபளப்புதான் பெரிதாகத் தெரியும். அதே வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வந்தால், சாறு நிறைந்த நுண்பைகளும் சுளைகளைப் பிரிக்கும் சவ்வுகளும் தனித்தனியே துலங்கும். ஆகவே பின்னொளி தேவை என்பதில் ஐயமில்லை. அதை எதிலிருந்து பெறுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது.

எல்.இ.டி. பலகையின் பெரிய பலம், கண்ணில் தெரிவதே படத்திலும் வரும் என்பது. வில்லையைச் சற்றுத் திருப்பினால் எந்தச் சுளை இருள்கிறது, எந்த விதை நிழலாகிறது என்பதை உடனே பார்த்துவிடலாம். சூடும் குறைவு என்பதால் வில்லை விரைவில் வாடிச் சுருளாது. பலவீனம் அதன் வெளிச்ச அளவில் இருக்கிறது. பழத்தை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதிக்கும் 1:1 உருப்பெருக்கத்தில், எஃப்/8 என்று வைத்த லென்ஸ் துளை (எண் கூடினால் துளை சிறிதாகும்) ஏறத்தாழ எஃப்/16 போலவே செயல்படுகிறது. அதாவது இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறைகிறது (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது). அதை ஈடுகட்ட ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும்போது, டிரைபாடு உறுதியாக இருந்தாலும், அறைக்குள் யாராவது நடந்தால் ஏற்படும் தரை அதிர்வே நுண்பைகளின் விளிம்பை மழுக்கிவிடும். நிறத்தரம் குறைந்த பலகைகளில் ஆழ்ந்த சிவப்பு மங்கிப்போவதும் உண்டு. பலகைக்குப் பதிலாக டேப்லெட் திரையைப் பயன்படுத்துவோர், வில்லையை நேரே திரைமீது வைக்காமல் கண்ணாடித் தட்டில் சில சென்டிமீட்டர் உயர்த்தி வைக்க வேண்டும். இல்லையேல் பழத்தினூடே பிக்சல் வலை தெரியும்.

பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டுக்குக் கீழே வைக்கும் ஃபிளாஷ் இந்த அதிர்வுச் சிக்கலை அடியோடு நீக்குகிறது. குறைந்த சக்தியில் வைத்த கையடக்க ஃபிளாஷ் ஏறத்தாழ 1/10000 வினாடி அல்லது அதற்கும் குறைவாகவே ஒளிர்வதால், அதிர்வு பதிவாக நேரமே இருப்பதில்லை. ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறன் 100, துளை எஃப்/11 என்று தயங்காமல் வைக்கலாம். நிறமும் பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமாக இருக்கும். வில்லையைச் சோடா நீரில் நிறுத்திக் குமிழிகளோடு எடுப்பதானால் ஃபிளாஷைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் விளைவை முன்கூட்டிக் காண முடியாது. சோதனைப் படங்கள் எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஃபிளாஷ் தகட்டை ஒட்டியிருந்தால் நடுவில் வெளுப்பும் ஓரத்தில் இருளும் விழும். தள்ளி வைத்தால் பரவல் சீராகும், சக்தி மட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.

ஜன்னல் வெளிச்சம் செலவில்லாதது, மேகமூட்டமான நாளில் மிக மென்மையானது. எனினும் ஒரு மேகம் நகர்ந்தால் அளவு மாறிவிடுகிறது. குவிய ஆழம், அதாவது தெளிவாகப் பதியும் பகுதியின் ஆழம், மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் இவ்வகைப் படங்களில், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைப்பதே வழக்கம். படத்துக்குப் படம் ஒளி மாறினால் அந்த இணைப்பு கெடும். இந்த ஒரு வேலைக்கு, ஒளி ஏறியிறங்காத எல்.இ.டி. பலகையே மூன்றிலும் முந்துகிறது.

இவற்றுள் எதைத் தேர்ந்தாலும், படத்தின் தரத்தை அதிகம் கெடுப்பது வில்லையைச் சுற்றிலும் வெறுமனே லென்ஸுக்குள் பாயும் வெளிச்சம்தான் என்பது என் உறுதியான கருத்து. அது லென்ஸுக்குள் சிதறி, கறுப்பாக இருக்க வேண்டிய கிவி விதையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். கறுப்பு அட்டையில் வில்லையைவிடச் சற்றே சிறிய துளை வெட்டி, அதன்மேல் வில்லையை வைத்தால் இருளுக்கும் ஒளிக்கும் இடையிலான மாறுபாடு உடனே மீள்கிறது. வெள்ளைப் பின்னணிதான் வேண்டுமென்றால், ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருள், ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) அந்த வெள்ளை வலது ஓரத்தைத் தொட்டவுடன் நிறுத்திவிட வேண்டும்.

வில்லையின் தடிமன் 3 மில்லிமீட்டர் அளவில் இருப்பது நல்லது. அதைவிடத் தடித்தால் ஆரஞ்சின் வெண்தோலும் கிவியின் நடுத்தண்டும் ஒளியைத் தடுத்து இருள்கின்றன. அப்போது பின்னொளியைக் கூட்டினால் சுளைகள் வெளுக்குமே தவிர நடுத்தண்டு தெளியாது. லென்ஸுக்கு அருகில் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடித்து, சிறிதளவு ஒளியை முன்பக்கம் திருப்பிவிடுவதே சரி. ஒரே ஒரு கருவிக்குத்தான் இடமுண்டு என்பவர்களுக்கு ஃபிளாஷையே சொல்வேன். இரண்டும் வைத்திருப்பவர்கள் பலகையின் வெளிச்சத்தில் அடுக்கி, குவியம் பார்த்துவிட்டு, அதை எடுத்துவிட்டு ஃபிளாஷில் படமெடுக்கலாம்.