புது டயர் ஏழாயிரம் கிலோமீட்டரில் கம்பி தெரிந்த கதை: அலைன்மெண்ட் தாளைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்

2024 பிப்ரவரியில் மதுரையில் ஒரு டயர் கடையில் என் சின்ன காருக்கு நான்கு டயரையும் மாற்றினேன். ஆகஸ்ட்டில் மேலூர் தாண்டி ஒரு பஞ்சர் கடையில் நின்றபோது, அதில் ஒன்றின் உள்பக்கத்தில் கம்பி வெளியே தெரிந்தது. இடையில் ஓடியது ஏழாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. கடையின் பெயரைச் சொல்லவில்லை. நான் ஏமாந்த விதத்தைச் சொன்னால் போதும்.

பழைய டயர்களில் இடது முன் டயர் மட்டும் உள்பக்கம் மொட்டையாகியிருந்தது. ஸ்டீயரிங்கும் லேசாக இழுத்தது. அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஜாக்கி போடவில்லை, சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “டயர் போச்சு சார், நாலையும் மாத்திடுங்க. கேம்பரும் அவுட்” என்றார். கேம்பர் என்றால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். டயருக்கு 18,000 ரூபாய். அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது), பேலன்சிங் போக, ‘நாலு வீல் கேம்பர் கரெக்‌ஷன்’ என்று தனியாக 1,600. கடைசியில், அளவுகள் எல்லாம் சரி என்று பச்சையாகக் காட்டிய ஒரு கம்ப்யூட்டர் தாளைக் கொடுத்தார்கள். மடித்து டேஷ்போர்டில் போட்டுவிட்டு வந்தேன்.

பஞ்சர் கடைத் தம்பி சக்கரத்தைக் கழற்றி உருட்டிக் காட்டினார். “அண்ணே, வெளிய பார்த்தா புது டயரு, உள்ள பாருங்க.” வெளிப்பக்கம் பட்டன் அப்படியே இருந்தது. உள் ஓரம் வழுக்கையாகி, இரண்டு விரல் நீளத்துக்குக் கம்பி. ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, வண்டியை இறக்குவதற்கு முன்னால் சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். டக் டக் என்றது. “டை ராடு எண்டு போயிருச்சு. இது இருக்கிற வரைக்கும் எத்தனை டயர் போட்டாலும் தின்னுரும்.” ஸ்டீயரிங் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனைதான் டை ராடு எண்டு.

மணி ஒன்பது, மூன்று நிலையில் கை வைத்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராடு. பன்னிரண்டு, ஆறு நிலையில் ஆடினால் பால் ஜாயிண்ட்டையோ வீல் பேரிங்கையோ பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தோடு அலைன்மெண்ட் பார்ப்பது, கால் ஆடுகிற மேசையில் தராசை வைப்பது மாதிரி. வண்டி நிற்கும்போது தாளில் பச்சை வரும். ரோட்டில் ஓடும்போது சக்கரம் மூக்கை வெளியே திருப்பிக்கொண்டு உரசும். உள் ஓரம் போனது அதனால்தான்.

அன்றிரவு அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். தலைப்பில் இருந்தது என் கார் மாடலே இல்லை! மெஷினில் வேறு வண்டியைத் தேர்ந்தெடுத்து, அதன் அளவுக்கு என் வண்டியைத் திருகியிருக்கிறார்கள். அதைவிடக் கோபம் வந்தது அந்த 1,600-க்கு. என் காரின் பின்பக்க அச்சு ஒரே துண்டு. கேம்பரைத் திருகுவதற்கு அங்கே நட்டே கிடையாது. இடையில் வைக்கும் தகடுகளும் எதுவும் போடவில்லை. அப்படியானால் ‘நாலு வீல்’ எங்கே வந்தது?

காற்று விஷயம் வேறு. வீட்டில் கேஜ் வைத்துப் பார்த்தபோதுதான் மற்ற டயர்களில் 40 பி.எஸ்.ஐ. இருந்தது தெரிந்தது. டயர் கடையில் கேட்டதற்கு, “டயர்லயே 44-னு போட்டிருக்கே சார்” என்றார்கள். டயரின் பக்கவாட்டில் இருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்சம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். என்னுடையதில் 33, முழுச் சுமை ஏற்றினால் பின் டயர்களுக்கு 36. அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டில் மூன்று நான்கு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். வேகத்தடையில் வண்டி துள்ளியதை ஆறு மாதமாகப் புது டயரின் விறைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது என் முட்டாள்தனம்.

மெக்கானிக்கிடம் டை ராடு எண்டு மாற்றி, வேறு இடத்தில் அலைன்மெண்ட் பார்த்தேன். இந்த முறை சரிசெய்வதற்கு முன், சரிசெய்த பின் என்று இரண்டு அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்கி, தலைப்பையும் படித்தேன். இப்போது மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்துவிட்டு உள் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன் (கம்பி தெரிந்தால் கை வைக்காதீர்கள், கிழித்துவிடும்). நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் தடவினால் ரம்பம் மாதிரியும் இருந்தால் அலைன்மெண்ட் கோளாறு. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படலாம்.

தடவும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. டயரில் இருந்த நான்கு இலக்க எண் 3120. அதாவது 2020-ஆம் ஆண்டின் 31-வது வாரத்தில் செய்தது. ‘புது ஸ்டாக்’ என்று விற்றது மூன்றரை வருடப் பழைய சரக்கு.

தாளோடு கடைக்குப் போனேன். “ரோடு சரியில்ல சார், நாங்க என்ன பண்றது?” என்றவர், தலைப்பைக் காட்டியதும் கேம்பர் காசு 1,600-ஐத் திருப்பித் தந்தார். டயருக்கு முடியாது என்றுவிட்டார். பில், தாள், டயரின் போட்டோ மூன்றையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சொல்கிறேன்.