செட்எஃப்ஏசிஎல்: முன்னிருப்பு அனுமதிகளைச் சோதித்துப் பார்த்தேன்

பெங்களூரு அல்சூரில், பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து மெய்ப்புத் திருத்தும் சிறிய பணியிடம் ஒன்றில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. ஒருவர் உருவாக்கிய கோப்பை மற்றவர் திறந்து படிக்கலாம், ஆனால் திருத்திச் சேமிக்க முடியாது என்ற சிக்கல் எங்களை நெடுநாளாக வாட்டியது. "தம்பி, மறுபடியும் சேமிக்க விடமாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று மூத்த மெய்ப்பாளர் அழைக்கும்போதெல்லாம், அந்தக் கோப்புக்கு மட்டும் சிஹெச்மாட் கட்டளையால் அனுமதி கொடுத்துவிட்டு வருவேன். எங்கள் சர்வரில், புதிய கோப்புகளுக்கு எந்த உரிமைகளை விலக்க வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க் 022 என்று இருந்ததால், புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் குழுவுக்கு எழுதும் உரிமை இல்லாமலே பிறந்தது. எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், கொடுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அரிய இதழ்களின் ஒரே மின்படி இருக்கும் இடத்தில் அதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன்.

ஆகவே குறிப்பிட்ட ஆளுக்கோ குழுவுக்கோ தனியாக அனுமதி தரும், லினக்ஸின் செட்எஃப்ஏசிஎல் கட்டளையை, உபுண்டு சர்வரில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை உள்ள வட்டில், அசல் கோப்புறையின் நகல் ஒன்றின்மீது சோதித்தேன். இக்கட்டளை பின்பற்றும் போசிக்ஸ் 1003.1ஈ என்ற தரநிலை வரைவு 1998 ஜனவரியில் கைவிடப்பட்டது என்றாலும், 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் 2.6 பதிப்பிலேயே இந்த வசதி இடம்பெற்றுவிட்டது. அப்போதிருந்து உழைத்துவரும் கருவி என்பதே எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது.

முதலில் பாராட்ட வேண்டியது, இதிலுள்ள டெஸ்ட் என்ற தெரிவு. அதைச் சேர்த்து ஓட்டினால் எந்தக் கோப்பையும் தொடாமல், மாற்றம் நடந்தால் அனுமதிகள் எப்படி இருக்கும் என்று மட்டும் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் உள்ள கோப்புறையில் கைவைக்கும்முன் இதைப் பார்த்துக்கொள்வது பெரிய ஆறுதல். எக்ஸ் எழுத்தைப் பெரிய எழுத்தாகக் கொடுத்தால், கோப்புறைகளுக்கும் ஏற்கெனவே இயக்க உரிமை உள்ள கோப்புகளுக்கும் மட்டுமே அந்த உரிமை போகிறது. படக்கோப்புகள் அனைத்தும் நிரல்களைப்போல் மாறிவிடுவதில்லை.

மெய்ப்புக் குழுவுக்கு முன்னிருப்பாகப் படிக்கவும் எழுதவும் உரிமை கொடுத்தபின், டச் கட்டளையால் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கினேன். யூமாஸ்க் 022 என்றே இருந்தும் குழுவுக்கு எழுதும் உரிமை கிடைத்தது, ஏனெனில் கோப்புறையில் முன்னிருப்பு அனுமதி இருந்தால் கர்னல் யூமாஸ்க்கைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் முன்னிருப்பு என்பது இனிமேல் பிறப்பவற்றுக்கு மட்டுமே. ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கு, முன்னிருப்பைக் குறிக்கும் டி தெரிவு இல்லாமல் தனியாக ஒருமுறை ஓட்டியாக வேண்டும். முதன்முறை பயன்படுத்துவோர் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்து 0644 அனுமதி (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டுமே முடியும்) உள்ள ஒரு பக்கத்தை வேறு கோப்புறையிலிருந்து சிபி கட்டளையால் நகலெடுத்தேன். அனுமதிகளைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளை தந்த பட்டியலில் குழுவின் வரியில் எழுதும் உரிமை இருந்தது. ஆனால் அதே வரியின் ஓரத்தில், நடைமுறையில் செல்லுவது படிக்கும் உரிமை மட்டுமே என்ற குறிப்பும் இருந்தது. யூமாஸ்க்கை ஒதுக்கும் கர்னல், கோப்பை உருவாக்கும் நிரல் கேட்கும் அனுமதியை ஒதுக்குவதில்லை. சிபி மூலக்கோப்பின் 0644ஐக் கேட்கிறது. அதன் குழுப் பகுதி, குழுக்களுக்கு அதிகபட்சம் எந்த உரிமை செல்லும் என்ற வரம்பான மாஸ்க்கைச் சுருக்கிவிடுகிறது. மாஸ்க்கைத் தாண்டி எந்தக் குழுவும் எழுத முடியாது. உரிமையாளருக்கு மட்டுமே உரிமை தரும் 0600 என்று தற்காலிகக் கோப்பை உருவாக்கிப் பெயர்மாற்றிச் சேமிக்கும் செயலிகளில் குழுவுக்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை. அதே வட்டுக்குள் எம்வி கட்டளையால் நகர்த்திய கோப்போ தன் பழைய அனுமதிகளோடேயே வந்து சேர்கிறது.

என் பழைய சிஹெச்மாட் வழக்கமும் இங்கே தடையாகிறது. எல்எஸ் கட்டளை தரும் கோப்புப் பட்டியலில் அனுமதிகளின் இறுதியில் கூட்டல் குறி தெரிந்தால், நடுவிலுள்ள மூன்று எழுத்துகள் குழுவின் உரிமை அல்ல, மாஸ்க். அந்தக் கோப்புக்கு 640 என்று கொடுப்பது மெய்ப்பாளரின் எழுதும் உரிமையைப் பறிப்பதாகும். இதைக் கருவியின் பிழை என்று சொல்லமாட்டேன், கையேட்டில் உள்ளதுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஊறிய கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது.

இந்தக் குறையோடும் இக்கருவியையே தேர்ந்தெடுத்தேன். நாள்தோறும் இரவு மாஸ்க்கைச் சீராக்கும் ஒரு வரியை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் அட்டவணையில் சேர்த்திருக்கிறேன். காப்புநகலுக்கு ஆர்சிங்க் பயன்படுத்துவோர் ஏ தெரிவைப் பெரிய எழுத்தில் சேர்க்காவிட்டால் இந்த அனுமதிகள் நகலோடு போகாது. கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளைக்கும் இதற்கெனத் தனித் தெரிவு உண்டு. நான் கூடுதலாக, கெட்எஃப்ஏசிஎல் தரும் முழுப் பட்டியலையும் ஓர் உரைக்கோப்பில் சேமித்து வைக்கிறேன். சோதனை நகலில் அனுமதிகள் அனைத்தையும் வேண்டுமென்றே நீக்கிவிட்டு, ரெஸ்டோர் தெரிவுக்கு அந்த உரைக்கோப்பைக் கொடுத்தபோது, ஒவ்வொரு கோப்புக்கும் அதன் பழைய அனுமதி திரும்ப வந்தது.