கழிப்பறை பழகிய பிள்ளை மறுபடி நனைத்தால்: டயப்பரா, ஜட்டியா?

வீட்டில் புதுப் பாப்பா வந்தால், கழிப்பறை பழகிய 3 வயதுப் பிள்ளையும் மறுபடி ஜட்டியை நனைக்கலாம். டயப்பர் போட்டால் தரை தப்பும். ஆனால் ஈரம் உறிஞ்சப்படுவதால் நனைந்ததே பிள்ளைக்கு உறைக்காது. பகலில் ஜட்டிதான் மேல். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். சாப்பிட்டு 20 நிமிடம் கழித்து, பாதம் பலகையில் ஊன்றி 5 நிமிடம் உட்காரட்டும். கால் தொங்கினால் முக்க வராது. திட்டு வேண்டாம்.

டயப்பர் ஜெயிக்கும் இடம் மலச்சிக்கல். வலிக்குப் பயந்து அடக்கும் பிள்ளை, டயப்பரில் மட்டும்தான் போகிறதென்றால் கொடுத்துவிடுங்கள். அடக்க அடக்க மலம் இறுகும். அதைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் கறை படும். இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுப்பவர்களும் உண்டு! மருத்துவரிடம் காட்டி முதலில் மலத்தை இளக்குங்கள். சிறுநீர் போகும்போது எரிந்தாலோ, தாகம் மிகுந்தாலோ சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். இரவு டயப்பர் தனிக் கணக்கு. 5 வயதுவரை அவசரமில்லை.